அந்த 72 வெள்ளிக்கு விலை என்ன?

சம்பளம் மூவாயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 330 வெள்ளி. ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். அது 390. ஆக மாதம் 720 வெள்ளி உங்கள் பெயரில் போய்ச் சேருகிறது. அதில் நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடியது 72 வெள்ளி.

"மிச்சம் 648 எங்கண்ணே போவுது?"

கேட்டவர் மாசாயில் இருக்கும் ஒரு தம்பி. பாசிர் கூடாங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மாலை வேலை முடிந்து கடையில் உட்கார்ந்தால் கைத்தொலைபேசியில் சேமநிதிச் செயலியைத் திறந்து பார்ப்பது அவருக்குப் பழக்கம். மூன்று கணக்குகளும் அதில் வரிசையாகத் தெரிகின்றன. ஒன்றில் எடுக்க முடிகிறது, மற்ற இரண்டிலும் முடிவதில்லை. "என் காசு, என் பேரு, ஆனா எனக்கே குடுக்க மாட்டேங்கறான்" என்பது அவருடைய வழக்கு. தே தாரிக் வந்தது. சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கும் போகவில்லை தம்பி. 2024 மே 11-ஆம் தேதியிலிருந்து 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சேமநிதி மூன்றாகப் பிரிகிறது. முதலாவது 'பெர்சாராஆன்' என்கிற ஓய்வுக் கணக்கு. 720-இல் 75 விழுக்காடு, 540 வெள்ளி, அதற்குள் போய்விடும். இரண்டாவது 'செஜாத்திரா', நல்வாழ்வுக் கணக்கு. அதற்கு 15 விழுக்காடு, 108 வெள்ளி. கடைசியாக 'ஃபிளெக்சிபல்', நெகிழ்வுக் கணக்கு. அதற்குத்தான் அந்த 10 விழுக்காடு, 72 வெள்ளி.

நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். காரணம் கேட்க மாட்டார்கள். குறைந்தது 50 வெள்ளியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. நல்வாழ்வுக் கணக்கில் கை வைக்கக் காரணம் வேண்டும். வீடு வாங்க, வீட்டுக் கடனைக் குறைக்க, படிப்புக்கு, கடுமையான நோய்க்கு என்று பட்டியல் இருக்கிறது. 50 வயது ஆகிவிட்டால் காரணமில்லாமலும் எடுக்கலாம். ஓய்வுக் கணக்கை 55 வரை மறந்துவிட வேண்டியதுதான். நிரந்தரமாக உடல் முடங்கிப் போனாலோ, குடியுரிமையை விட்டு நாட்டை விட்டே போனாலோ, இறந்துபோனாலோ அது முன்னதாகத் திறக்கும். அடிப்படை அளவுக்கு மேல் சேர்ந்திருந்தால் அதில் ஒரு பகுதியை அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டு நிதிகளில் போடலாம். அதுவும் உங்கள் கைக்கு ரொக்கமாக வருவதில்லை.

தம்பி அடுத்த கேள்விக்கு வந்தார். "அப்ப அந்த ஓய்வுக் கணக்குலேர்ந்து கொஞ்சம் நெகிழ்வுக்கு மாத்திக்கிட்டா?"

முடியாது. ஜொகூர் பாரு நகரத்துக்குள் இருக்கும் ஒருவழிச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். நெகிழ்விலிருந்து நல்வாழ்வுக்குப் போகலாம். நெகிழ்விலிருந்து நேரே ஓய்வுக்கும் போகலாம். நல்வாழ்விலிருந்து ஓய்வுக்குப் போகலாம். எதிர்த்திசையில் ஒரு சென்கூட வராது. தவறுதலாக மாற்றிவிட்டேன் என்று அலுவலகத்துக்குப் போய் நின்றாலும் பயனில்லை. செயலியில் அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். மூன்று கணக்குக்கும் லாப ஈவு ஒன்றுதான். 2023-இல் வழக்கமான சேமிப்புக்கு 5.50 விழுக்காடு கொடுத்தார்கள், 2024-இல் 6.30. நெகிழ்வுக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கும் அதே விகிதம். பேங்கில் சேமிப்புக் கணக்கில் போட்டால் இந்த வட்டியின் நிழல்கூடக் கிடைக்காது. மாதம் 72 வெள்ளியைத் தொடாமல் விட்டால் ஆண்டுக்கு 864. இருபது ஆண்டுகளில் நீங்கள் போட்டது 17,280 ஆகும். ஈவு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு என்று குறைத்தே கணக்குப் போட்டாலும், கையில் இருப்பது சுமார் 28,500. எடுக்கலாம் என்பதற்காக எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இந்த 72 வெள்ளி எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் விதிகளை மட்டும் சொன்னால் அரைக் கதைதான்.

கோவிட் வந்தபோது அரசாங்கம் சேமநிதியை நான்கு முறை திறந்துவிட்டது. முதலில் 2020-இல் 'ஐ-லெஸ்தாரி', அன்றிருந்த இரண்டு கணக்குகளில் இரண்டாவதிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை. பிறகு 'ஐ-சினார்', அது முதல் கணக்கிலேயே கை வைத்தது. 2021-இல் 'ஐ-சித்ரா', 5,000 வெள்ளி வரை. இவை மூன்றும் நம் ஜொகூர்க்காரர், பகோ நாடாளுமன்ற உறுப்பினர் முகிதின் யாசின் பிரதமராக இருந்த காலத்தில் வந்தவை. 2022 மார்ச்சில் அடுத்த பிரதமர் இஸ்மாயில் சப்ரி அறிவித்தது இன்னொரு 10,000 வெள்ளி. நான்கையும் கூட்டினால் வெளியே போனது சுமார் 14,500 கோடி வெள்ளி. எடுத்தவர்கள் ஏறக்குறைய எண்பது லட்சம் பேர்.

அன்றைக்கு எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிங்கப்பூர் எல்லை மூடிக் கிடந்தது. அக்கரையில் வேலை செய்தவர்கள் ஒன்று அங்கேயே மாட்டிக்கொண்டார்கள், இல்லையென்றால் இங்கே வேலையில்லாமல் இருந்தார்கள். அரிசிக்குப் பணமில்லாதவரிடம் போய் 55 வயதைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் நடந்தது என்னவென்றால், ஒருமுறை திறந்த பிறகு ஒவ்வொரு நெருக்கடியிலும், ஒவ்வொரு தேர்தலிலும் "மறுபடியும் திறங்கள்" என்ற குரல் எழுந்தது. 2023-இல் அன்வார் அரசாங்கம் திறக்க மறுத்தது. அதற்குப் பதிலாக, இரண்டாம் கணக்கைப் பிணையாகக் காட்டிக் கடன் வாங்கலாம் என்று ஒரு வழி சொன்னது. அது மக்களிடம் அவ்வளவாக எடுபடவில்லை என்பது என் எண்ணம். சொந்தப் பணத்தை அடகு வைத்து அதற்கு வட்டியும் கட்டுவது யாருக்குப் பிடிக்கும்?

அதற்கடுத்து வந்ததுதான் மூன்றாம் கணக்கு. 2024 ஏப்ரல் 25-இல் அறிவிப்பு, மே 11-இல் நடைமுறை. பத்து விழுக்காட்டை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிட்டால் மிச்சத்தைத் திற என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்ற கணக்கு. அரசியல் சமரசம் என்றுதான் இதை நான் பார்க்கிறேன். மோசமான சமரசம் என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தச் சமரசத்துக்கு ஒரு விலை இருக்கிறது. மாசாய்க் கடையில் நான் பார்த்தவரை அதை யாரும் கவனிக்கவில்லை.

முன்பு இரண்டு கணக்குகள்தான், 70-க்கு 30 என்ற பங்கு. 2007-இலிருந்து அப்படி இருந்தது. வீட்டுக்கும் படிப்புக்கும் எடுக்கக்கூடியது அந்த 30 விழுக்காடு. தம்பியின் சம்பளத்தில் மாதம் 216 வெள்ளி. இப்போது அதே காரியங்களுக்கான கணக்கில் விழுவது 108. சரிபாதி! மீதி 108-இல் 72 நெகிழ்வுக்குப் போனது, 36 ஓய்வுக் கணக்குக்கு ஏறிவிட்டது. 70 விழுக்காடு 75 ஆனதைத்தான் சொல்கிறேன். பத்து விழுக்காடு திறந்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதே மூச்சில் ஐந்து விழுக்காடு பூட்டுக்குள் போனதை யாரும் பேசவில்லை.

பழைய இருப்பை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுத்தார்களே, அதிலும் இதே சூட்சுமம் இருந்தது. 2024 மே 12-இலிருந்து ஆகஸ்ட் 31 வரை ஒரே ஒரு முறை, இரண்டாம் கணக்கில் இருந்ததில் ஒரு பகுதியை நெகிழ்வுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டாம் கணக்கில் 9,000 வெள்ளி இருந்தவருக்கு 3,000 நெகிழ்வுக்கு வந்தது. கூடவே 1,500 ஓய்வுக் கணக்குக்குப் போனது. வீட்டுக்கென்று மிஞ்சியது 4,500. மூவாயிரத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு வேறு கணக்கு: ஆயிரம் வரை இருந்தால் முழுவதும் நெகிழ்வுக்கு, அதற்கு மேல் இருந்தால் ஆயிரம் மட்டும். அந்தப் படிவத்தில் ஒப்புதல் கொடுத்தவர்களில் எத்தனை பேர் ஓய்வுக்குப் போகும் பங்கையும் கணக்குப் பார்த்திருப்பார்கள்? பெரும்பாலும் 3,000 என்ற எண்தான் கண்ணில் பட்டிருக்கும்.

தம்பி தன் நிலைமையைச் சொன்னார். வயது இருபத்தெட்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு வீடு வாங்க ஆசை. நெகிழ்வுக் கணக்கில் சேர்வதை எடுத்து மோட்டாருக்கு டயர், தங்கச்சிக்குப் பிறந்தநாள் என்று செலவு செய்துகொண்டிருந்தார். "எழுபது வெள்ளிதானேண்ணே" என்றார். எழுபதுதான். ஆனால் வீட்டுக் கணக்கில் பாதி குறைந்துவிட்ட நிலையில், குறைந்ததில் பெரும்பகுதி இந்த எழுபதில்தான் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் பழைய முறையில் ஈவு சேர்க்காமலே 12,960 வெள்ளி சேர்ந்திருக்கும். இப்போதைய முறையில் நல்வாழ்வுக் கணக்கில் 6,480. மூன்று லட்ச வெள்ளி வீட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் என்றாலே முப்பதாயிரம். அந்த இடைவெளி யார் தலையில் விழும்?

அதற்காக நெகிழ்வை நல்வாழ்வுக்கு மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. ஈவு ஒன்றுதான் என்பதால் அங்கேயே கிடந்தாலும் வளரும். வீட்டுக்கு வேண்டியபோது அங்கிருந்தே எடுக்கலாம், ஒரு தாளும் காட்ட வேண்டாம். மாற்றுவதில் இருக்கும் ஒரே லாபம், உங்கள் கையிலிருந்து உங்கள் காசைக் காப்பாற்றிக்கொள்வது. தன்னை நம்ப முடியாதவர்கள் மாற்றிவிடலாம். நம்புகிறவர்கள் விட்டுவைக்கலாம். தம்பி சிரித்தார். எந்த ரகம் என்று அவர் சொல்லவில்லை.

இந்த நேரத்தில் பக்கத்து மேசையில் இருந்த ஐயா ஒருவர் பேச்சில் சேர்ந்துகொண்டார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "அந்தக் காலத்துல எங்கப்பாவுக்கு இவ்ளோ கணக்கு வழக்கு இல்ல. அம்பத்தஞ்சு ஆச்சு, மொத்தமா குடுத்துட்டான்."

உண்மைதான். சேமநிதி 1951 அக்டோபர் 1-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் தொழிலாளி ஐந்து விழுக்காடு, முதலாளி ஐந்து விழுக்காடு. 1952-இல் கொடுத்த ஈவு இரண்டரை விழுக்காடு. ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் கையில் கிடைத்த ஒரே பெருந்தொகை அதுதான். தோட்டத்து வீடு முதலாளியுடையது, வேலை போனால் வீடும் போகும். அதனால் அந்தப் பணம் வந்த கையோடு வீட்டுமனை, மகள் கல்யாணம், ஊருக்கு ஒரு பயணம் என்று பிரிந்துவிடும். சிலருக்கு அது வாழ்க்கையை நிமிர்த்தியது. சிலருக்கு ஓராண்டுகூட நிற்கவில்லை. ஐயா தன் அப்பாவைப் பற்றி அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

55 வயதில் இன்றைக்கும் முழுவதையும் எடுக்கலாம். ஆனால் தனியார் துறையில் ஓய்வு வயது 2013 ஜூலையிலிருந்து 60. ஆக ஐந்து ஆண்டுகள் வேலையும் இருக்கும், பூட்டும் திறந்திருக்கும். அந்த ஐந்து ஆண்டுகளில் புதிதாகப் போடும் சந்தா 'எமாஸ்' என்ற வேறு கணக்குக்குப் போகிறது. அதை 60-இல்தான் எடுக்க முடியும். பழைய இருப்பையும் எடுக்காமல் விட்டால் நூறு வயது வரை ஈவு உண்டு. பலருக்கு இது தெரியாது. 55 ஆனதும் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்குச் சேமநிதி வாரியம் நெடுநாள் வைத்திருந்த அடிப்படை அளவு 2,40,000 வெள்ளி. மாதம் ஆயிரம் வீதம் இருபது ஆண்டுகளுக்கு. 2026 முதல் புதிய அளவுகளைப் படிப்படியாகக் கொண்டுவருகிறார்கள். 60 வயதில் அடிப்படை 3,90,000, போதுமானது 6,50,000. அந்த எண்களைப் படித்தபோது ஐயா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம ஆளுங்கள்ல எத்தன பேருக்குப்பா?" என்றார். நியாயமான கேள்வி.

பூட்டு எரிச்சலைத்தான் தரும். ஆனால் அது வெளியே இருப்பவருக்கும் பூட்டுதான். 1991-ஆம் ஆண்டின் சேமநிதிச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு சொல்வது இது: வாரியத்தில் இருக்கும் உங்கள் பணத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கடன்காரர் நீதிமன்றத்துக்குப் போய் அதைப் பிடித்துவைக்கவும் முடியாது. நீங்கள் திவாலாகிப் போனாலும் அது திவால் அதிகாரியின் கைக்குப் போகாது. ஆலோங் எனும் கந்துவட்டிக்காரரிடம் மாட்டிக்கொண்ட குடும்பங்களை நம் தாமான்களில் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்புத் தெரியும். வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றலாம், ஓய்வுக் கணக்கைத் தொட முடியாது. நெகிழ்வுக் கணக்கைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. சட்டம் அதையும் காக்கிறது, ஆனால் மிரட்டினால் நீங்களே எடுத்துக் கொடுத்துவிட முடியும். திறந்த பகுதியின் இன்னொரு முகம் அது.

"சீக்கிரம் எடுத்துத் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏஜெண்டுகளும் இந்த வகைதான். வாரியம் ஏஜெண்டு வைப்பதில்லை, மீட்புக்குக் கட்டணமும் வாங்குவதில்லை. செயலியின் கடவுச்சொல்லை ஒருவரிடம் கொடுத்துவிட்டால் அப்புறம் எந்தச் சட்டப் பிரிவும் உதவாது. மோசம் போய்விட்டதாகத் தெரிந்தால் உடனே கூப்பிட வேண்டிய எண் 997.

ஜொகூரில் இந்தப் பேச்சு சிங்கப்பூரைத் தொடாமல் முடியாது. தம்பியின் அண்ணன் தினமும் பாலம் தாண்டுகிறார். வேலை அனுமதியில் போகிறவர்களுக்கு அங்கே சேமநிதி பிடிப்பதில்லை, போடுவதும் இல்லை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். கையில் முழுச் சம்பளம் வருகிறது, அதுவும் சிங்கப்பூர் வெள்ளியில். ஐம்பத்தைந்தில் என்ன இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. இப்படிப்பட்டவர்கள் இங்கே தானாகச் சந்தா போடலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அனுமதி. அதுவும் 75, 15, 10 என்றுதான் பிரியும். நிலையான சம்பளமில்லாமல் கடை வைத்திருப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்களுக்கு 'ஐ-சாரான்' திட்டம் இருக்கிறது. அவர்கள் போடுவதற்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துப் போடும், ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளில் 5,000 வரை. நாம் உட்கார்ந்திருந்த கடையில் ரொட்டி போட்ட தம்பி தமிழ்நாட்டுக்காரர். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவரைப் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இரண்டு விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளியும் இரண்டு விழுக்காடு போட வேண்டும். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அக்கரையில் நிரந்தரவாசியாகிவிட்ட சிலர், "அங்கே ஒழுங்கு, இங்கே கட்டுப்பாடு" என்று பேசுவதுண்டு. உண்மை நேர் எதிர். சிங்கப்பூரில் 55 ஆனால் நிபந்தனையில்லாமல் கிடைப்பது 5,000 சிங்கப்பூர் வெள்ளி. அதற்குமேல் வேண்டுமென்றால் முதலில் ஓய்வுத்தொகை ஒன்றை ஒதுக்கி வைக்க வேண்டும். 2025-இல் 55 வயதானவர்களுக்கு முழு ஓய்வுத்தொகை 2,13,000. ஒதுக்கியது 65 வயதிலிருந்து மாதாமாதம் வரும். மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பும் நம் முறைதான் தளர்வானது. இங்கேயும் அந்தத் திசையில் யோசனை தொடங்கிவிட்டது. 2025 ஜூலை 31-இல் தாக்கலான 13-ஆவது மலேசியத் திட்டத்தில், சேமிப்பின் ஒரு பகுதியை மாதாந்திர ஓய்வூதியமாகக் கொடுப்பது பற்றிய பேச்சு இருக்கிறது. இப்போதிருக்கும் சந்தாதாரர்களைக் கட்டாயப்படுத்தாது என்று விளக்கமும் சொன்னார்கள்.

   

கடைசியாகத் தம்பி வீட்டுக்கே திரும்பினார். "சரிண்ணே, நல்வாழ்வுக் கணக்குலேர்ந்து வீட்டுக்கு எப்ப எடுக்கலாம்?" வீட்டைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் கொடுக்க மாட்டார்கள். வாங்கல்-விற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கடன் அங்கீகாரக் கடிதமும் வந்த பிறகுதான் மனு. அதற்கு முன் கட்ட வேண்டிய பதிவுத் தொகையைச் சொந்தக் கையிலிருந்தோ நெகிழ்வுக் கணக்கிலிருந்தோதான் கட்ட வேண்டும். ஒப்பந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டாலும் வேறு வழி உண்டு: வீட்டுக் கடனைக் குறைப்பதற்காக ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம், பணம் பேங்குக் கடனுக்கு நேராகப் போய்விடும். தம்பி செயலியைத் திறந்து நெகிழ்வுக் கணக்கின் இருப்பைக் காட்டினார். 112 வெள்ளி இருந்தது. அடுத்த மாதச் சந்தா விழும்வரை அதைத் தொடாமல் இருக்கச் சொன்னேன். மோட்டாருக்கு டயர் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டதாம்.